டாக்டர் போட்டில் மூன்று முறை விழுந்த ஓட்டை

எனக்கு இடது காது கேட்காது. பேச வருகிறவர்கள் வலது பக்கம் உட்கார்ந்தால் புண்ணியமாகப் போகும். வயதாகிவிட்டதால் காது போனது என்று என் வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். அதை நம்பாதீர்கள். அலுமினியத்தைச் சுத்தியலால் அடித்து அடித்துப் போன காது இது. கவர்மெண்ட் வேலையில் நான் சம்பாதித்ததில் பென்ஷனுக்கு அடுத்தபடி மிஞ்சியது இதுதான்.

போன மாதம், போர்ட் பிளேரில் நான் வேலை பார்த்த போட் ஒர்க்ஷாப்பில் இப்போது வெல்டர்களாக இருக்கும் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்குக் காற்றில் ஓடும் சுத்தியல் மெஷின் புதிதாக வந்திருக்கிறதாம். வெல்டிங் ஓரத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் தடதடவென்று அதுவே அடித்துக்கொண்டு போகுமாம். "அங்கிள், அந்தக் காலத்துல சச் மே, நெசமாவே கையாலயா அடிச்சீங்க? பாகல் ஆயிருக்க மாட்டீங்க?" என்று ஒருவர் கேட்டார். பைத்தியம் பிடிக்கவில்லை, காதுதான் போனது என்றேன். "அப்ப அந்த டாக்டர் போட் கதையை எழுதிக் குடுங்க. ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க" என்றார்கள். ஆளாளுக்குச் சொல்லுவார்கள்தான். அந்த போட்டைத் தொட்டே பார்க்காதவன்கூடச் சொல்லுவான். அதனால் எழுதுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மெட்ராஸ் போய்க் கப்பல் ஏறி, வழியெல்லாம் வாந்தி எடுத்து, போர்ட் பிளேரில் கால் வைத்தபோது எனக்குத் தெரிந்தது இரும்பு வெல்டிங் மட்டும்தான். பிறகு அலுமினியத்தை ஒட்டவைக்கும் ஆர்கான் கேஸ் வெல்டிங் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அங்கே படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிலிண்டர் கேட்டால் சிலிண்டர் வந்தது, அவ்வளவுதான் ஞாபகம். இங்கே திரும்பி வந்து சிலிண்டர் கேட்டால், "ஜஹாஜ் ஆனே தோ" என்றார்கள். கப்பல் வரட்டும். தீவில் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். அரிசிக்கும் அதே, ஆர்கானுக்கும் அதே.

என்னைக் கல்கத்தாவுக்கு அனுப்பக் காரணமே டாக்டர் போட்தான். மாயாபந்தர், பாராடாங் என்று ரோடு போகாத இடங்களுக்கெல்லாம் டாக்டரையும் கம்பவுண்டரையும் கொண்டுபோய், நோயாளிகளை ஏற்றிவர, அலுமினியத்தில் செய்த லாஞ்ச் ஒன்று மெயின்லேண்டிலிருந்து வந்திருந்தது. பெயின்ட்டில் எழுதிய பெயர் வேறு. ஜனங்கள் வைத்த பெயர் டாக்டர் போட். மர போட்டுகளுக்கு நடுவில் வெள்ளை வேட்டி கட்டியவன்போல மினுக்கென்று நிற்கும். பார்க்க லட்சணம், ஆனால் வந்த முதல் வருஷத்திலேயே எஞ்சின் உட்காரும் இடத்தில் வெல்டிங் ஓரமாகக் கீறல் விட ஆரம்பித்தது.

எங்கள் ஃபோர்மேன் ஹால்தார் பாபு. வங்காளி. ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் வெள்ளைக் கைக்குட்டை ஒன்று மடித்து வைத்திருப்பார். முகம் துடைப்பதற்கில்லை, வேலையைத் துடைத்துப் பார்ப்பதற்கு. நாம் சுத்தம் செய்துவிட்டோம் என்று சொன்ன இடத்தைக் கைக்குட்டையால் ஒரு இழுப்பு இழுப்பார். கறுப்பாக வந்தால் கைக்குட்டையை நம் முகத்துக்கு நேரே பிடித்துவிட்டுப் போய்விடுவார். நாம் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மனசு நிறைந்திருந்தால் தன் டீயில் பாதியை சாஸரில் ஊற்றி நம் பக்கம் தள்ளுவார். கோபமாக இருந்தால் டீ முழுவதையும் அவரே குடிப்பார். சாஸர் டீக்காக நாங்கள் செத்துப் பிழைத்தோம் என்றால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள்.

அலுமினியத்துக்கு என்று அவர் ஒரு சடங்கே வைத்திருந்தார். முதலில் ஸ்டெயின்லெஸ் கம்பி பிரஷ். அதை இரும்பில் ஒருமுறை தேய்த்தாலும் போச்சு, தூக்கி எறிந்துவிடுவார். துணிப்பையில் போட்டுப் பூட்டி வைத்திருப்பார், ஏதோ மருமகளுடைய நகை மாதிரி. வெல்டிங் முடிந்து ஆறியதும், வெல்டும் தகடும் சேருகிற ஓரத்தை அரத்தால் வழித்து, மேடு பள்ளம் இல்லாமல் விரல் வழுக்கிப் போகிற மாதிரி ஆக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் எங்கேயாவது தட்டினால் திரும்பவும் அரம்.

அதற்குப் பிறகுதான் சுத்தியல். முனை உருண்டையாக இருக்கிற உளியை அந்த ஓரத்தில் வைத்து, வரிசையாகக் குழி விழும்படி நெருக்கமாக அடித்துக்கொண்டே போக வேண்டும். அம்மி கொத்துவது போலத்தான். எங்கள் ஒர்க்ஷாப்பிலும் "என்ன அண்ணாச்சி, அம்மியா ஆட்டுக்கல்லா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். எதற்கு இது என்று நானும் முதலில் முறைத்துக்கொண்டேன். ஹால்தார் பாபு என் முழங்கையின் மேல் தோலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, நகத்தால் லேசாகக் கீறினார். சுரீர் என்றது. பிறகு தோலைச் சேர்த்து அழுத்திப் பிடித்துக் கீறினார். ஒன்றும் தெரியவில்லை.

"ஸம்ஜா, ஆர்முகம்?" என்றார். ஆறுமுகம் என்று அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

புரிந்தது. வெல்டிங் ஆறும்போது சுருங்கி, ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. இழுபட்ட தோலின்மேல் எஞ்சின் நாளெல்லாம் அதிர்ந்தால் கீறல் விடாமல் என்ன செய்யும்? அடித்து அழுத்திவிட்டால் மேல்தோல் நெருங்கிக்கொள்ளும், கீறல் சட்டென்று வாய் திறக்காது. அதற்கு மேல் ஆசிட்டில் கழுவி, ஈரம் ஏறுவதற்குள் மஞ்சள் பிரைமர். அந்தமான் மழையில் ஈரம் ஏறுவதற்குள் என்றால், பெயின்ட் பிரஷ்ஷோடு வானத்தையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அரிக்காமல் காவல் நிற்பது அந்தப் பிரைமர்தான், அதற்கு மேல் பெயின்ட். ஆனால் மர போட்டுகளுக்கு அடியில் பூசும் செம்பு கலந்த சிவப்புப் பெயின்ட் மட்டும் அலுமினியத்தின் பக்கத்தில்கூட வரக்கூடாது. ஒருநாள் பழக்க தோஷத்தில் யாரோ அந்த டப்பாவைத் திறந்துவிட்டார்கள். ஹால்தார் பாபு ஓடிவந்து மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். உப்புத் தண்ணீரில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் அலுமினியத்தைச் செம்பு தின்றுவிடும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். டாக்டர் போட்டின் செராங் சூசையும் அங்கே நின்று தலையாட்டினான், நானே பார்த்தேன்.

சூசை தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். செராங் என்றால் போட்டை ஓட்டிச் செல்கிற தலைவன். எனக்கு ஊர்ப்பக்கத்து ஆள் என்பதால் வாய்க்கு வாய் அண்ணாச்சி என்பான், நானும் வாய்க்கு வாய் அவனைத் திட்டுவேன். அவனுடைய மகள் பிறந்ததே அந்த போட்டில்தான். அப்போது அவனுக்கு மாயாபந்தரில் குவார்ட்டர்ஸ், போர்ட் பிளேருக்குக் குடிவந்தது பிறகுதான். மனைவி லூர்துக்கு வலி எடுத்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார்கள். பாராடாங் தாண்டுவதற்குள் போட்டின் பின்பக்கத்துப் பலகைத் தளத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பிள்ளை அழவில்லை. அந்த நேரம் பார்த்து எஞ்சினும் நின்றுபோனது. லூர்து மாதாவைக் கூப்பிட்டுக் கதறியிருக்கிறாள். எஞ்சின் இரண்டு இருமல் இருமி மறுபடி ஓட, தளம் அதிர, பிள்ளை வீல் என்று அழுததாம். எங்களுக்குக் கீறல் விடவைக்கிற அதே அதிர்வுதான் அந்தப் பிள்ளைக்கு மூச்சு கொடுத்தது என்று நான் சொல்லுவேன். லூர்து ஒத்துக்கொள்ளமாட்டாள். அது மாதா.

எஞ்சின் அடியில் கீறல் நின்றுபோனது. ஹால்தார் பாபுவின் சாஸர் டீ எனக்கு அடிக்கடி கிடைத்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அபர்டீன் பஜாரில் நடந்தேன். அந்தக் கொழுப்புக்குத்தான் பின்பக்கத்தில் ஓட்டை விழுந்தது.

பின்பக்கத்துத் தளப் பலகைக்குக் கீழே, அடித்தகட்டில், நான் போட்ட வெல்டிங்கை ஒட்டி, மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை. போட்டைக் கரையேற்றி, அடித்தளத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவி எங்களைக் கூப்பிட்டார்கள். வெட்டி எடுத்து, தகடு வைத்து, வெல்ட் அடித்து, அரம், சுத்தியல், ஆசிட், மஞ்சள் என்று சடங்கு முழுவதும் செய்து அனுப்பினேன். சில மாதங்களில் அதே இடத்தில் இன்னொரு ஓட்டை. மறுபடி செய்தேன். மறுபடி விழுந்தது. சுற்றிலும் தகடு கண்ணாடி போல இருக்கிறது, அந்த ஒரு இடம் மட்டும் சொத்தைப் பல்!

"அண்ணாச்சி அம்மி கொத்துனதுல பல்லாங்குழி விழுந்துருச்சு" என்று ஒருவன் சொன்னான். அவன்மேல் உளியை எறிந்தேன். நல்லவேளை, படவில்லை. கேஸ் சரியில்லை, தகடு சரியில்லை, பிரைமரில் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சண்டை போட்டேன். என் கைதான் கெட்டுவிட்டது என்று உள்ளுக்குள் பயம். ஹால்தார் பாபு டீ முழுவதையும் அவரே குடித்தார்.

அப்போதுதான் மெயின்லேண்டிலிருந்து இன்ஸ்பெக்ஷன் அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை, தொழில் தெரிந்தவர். மூன்று முறை ஓட்டை விழுந்த இடத்தைப் பார்த்து, "நடுக்கடலில் இது திறந்துகொண்டால், உள்ளே படுத்திருக்கும் நோயாளி நீந்துவாரா?" என்று கேட்டார். அடுத்த முறை வரும்போது அந்த இடத்தில் புள்ளி அளவு அரிப்பு இருந்தாலும் போட்டைக் கண்டம் செய்துவிடுவேன் என்று சொல்லிப் போனார். கண்டம் செய்வது என்றால் உடைத்துப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவது. மாற்று போட்டுக்கு என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். ஜஹாஜ் ஆனே தோ. அதுவரைக்கும் மாயாபந்தர்ப் பக்கம் குறுக்கே கிடக்கும் பிள்ளைகள் எல்லாம் குறுக்கேயே கிடக்க வேண்டியதுதான்.

மூன்றாவது ஒட்டும் போட்டு அனுப்பிய பிறகு ஒரு மத்தியானம் ஹால்தார் பாபு, "சலோ ஆர்முகம், ஜெட்டிக்குப் போவோம்" என்றார். போட்டைக் கரையேற்றினால் கழுவித்தான் காட்டுகிறார்கள், கழுவாமல் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. போனோம். டாக்டர் போட் ஜெட்டியில் கட்டிக் கிடந்தது. எங்களைப் பார்த்ததும் சூசையின் முகம் விழுந்துவிட்டது. போய்ப் பின்பக்கத்துத் தளப் பலகையின்மேல் நின்றுகொண்டான்.

"இங்கன ஒண்ணுமில்ல பாபு. சப் டீக் ஹை. சொட்டுத் தண்ணி இல்ல."

"பலகையை எடு" என்றார் ஹால்தார் பாபு, இந்தியில், மெதுவாக.

சூசை தொப்பியைக் கழற்றினான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். குனிந்து பலகையைத் தூக்கினான். அடித்தகட்டுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில், என் வெல்டிங்கை ஒட்டி, விரல் நீளத்துக்கு ஒரு செம்புச் சிலுவை செருகியிருந்தது. அது போட்டின் உடம்பைத் தொட வேண்டும் என்று அந்த இடத்தில் மட்டும் பெயின்ட்டையும் மஞ்சளையும் சுரண்டி எடுத்திருந்தான். சுற்றிலும் உப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஹால்தார் பாபு கைக்குட்டையை விரித்து அதைப் பத்திரமாக எடுத்தார். கைக்குட்டையில் பச்சைக் களிம்பு. சிலுவை இருந்த இடத்தில் மாவு மாதிரி வெள்ளைப் பொடி, அதற்கடியில் குழி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்று எழுத முடியாது. எழுதக்கூடியது இவ்வளவுதான்: "ஏல மூதி! செம்புப் பெயின்டு கூடாதுன்னு பாபு டப்பா மேல ஏறி ஒக்காந்தாரே, ஒன் கண்ணு எங்கல போச்சு?"

"அண்ணாச்சி, அது பெயின்டு. இது மாதா கோயில்ல மந்திரிச்ச சிலுவ." சூசை தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டான். "நா என்ன கெடுதலா வச்சேன்? காவலுக்குல்லா வச்சேன்!"

அவன் ஊரில் வள்ளம் கட்டும்போது பாய்மரத்துக்கு அடியில் செம்பிலோ வெள்ளியிலோ ஏதாவது வைத்துத்தான் மரத்தை நிறுத்துவார்களாம். பிள்ளை பிழைத்ததும் லூர்து நேர்ந்துகொண்டாள்: பிள்ளை மூச்சுவிடுகிற வரைக்கும் அவள் பிறந்த இடத்தில் அந்தச் சிலுவை போட்டைத் தொட்டுக்கொண்டு இருக்கும் என்று. கரையேற்றும்போதெல்லாம் நாங்கள் பூட்ஸ் காலோடு அதை மிதித்துவிடுவோம் என்று சூசை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வான். வேலை முடிந்து போட் தண்ணீரில் இறங்கியதும் பயபக்தியாகச் சுரண்டிவிட்டு மறுபடி வைப்பான். நான் அடைத்த ஓட்டையை ஒவ்வொரு முறையும் அவன் பக்தியோடு திறந்திருக்கிறான்!

இதை மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தால் சூசைக்கு வேலை போகும். ஹால்தார் பாபு எழுதவில்லை. சிலுவையைக் கைக்குட்டையோடு மடித்து அவனிடமே கொடுத்து, "உன் வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

லூர்து ஒப்புக்கொள்ளவே இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். "போட்ட விட்டுச் சிலுவைய எடுத்தா எம்புள்ளைக்கு ஒண்ணு ஆவாதுன்னு பாபு எழுதித் தருவாரா? கேளுங்க அண்ணாச்சி!" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஹால்தார் பாபு என் கையை அழுத்தினார். இரண்டு டம்ளரில் உப்புத் தண்ணீர் கேட்டார். ஒன்றில் அலுமினியத் துண்டு மட்டும் போட்டார். இன்னொன்றில் அதே துண்டில் செம்புக் கம்பியை இறுக்கிச் சுற்றிப் போட்டார். "பெஹன், இது உங்கள் அடுப்படியில் இருக்கட்டும். தினமும் பாருங்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்" என்றார். தங்கச்சியிடம் பேசுவதுபோலத்தான் பேசினார்.

டம்ளரில் முடிவு தெரிகிறவரை சிலுவை அவர்கள் வீட்டு மாதா படத்துக்கு முன்னால் இருந்தது. பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் லூர்து சூசையை முறைப்பாளாம். அவன் வந்து என்னிடம் அழுவான். எனக்கும் பயம்தான், பொய் சொல்வானேன்? அந்த நாட்களில் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்திருந்தால் சிலுவை மறுபடியும் போட்டுக்குள் போயிருக்கும், போட் கண்டமாகியிருக்கும்.

பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு காலையில் லூர்து பிள்ளையோடு இரண்டாவது டம்ளரையும் தூக்கிக்கொண்டு ஒர்க்ஷாப்புக்கே வந்துவிட்டாள். டம்ளரில் வெள்ளைக் கசடு. செம்பு சுற்றிய இடத்தில் துண்டு அரித்துச் சொரசொரத்துப் போயிருந்தது. அதை என் பெஞ்சில் ணங்கென்று வைத்தாள்.

"நேந்தது புள்ளைக்குத்தானே அண்ணாச்சி? அப்ப சிலுவ புள்ள கழுத்துலயே கெடக்கட்டும். மாதாவுக்கு நா சொல்லிக்கிடுதேன். ஆனா போட்டு வெறும் ஒடம்போட போவப்படாது. போட்டு எதுல செஞ்சிருக்கோ அதுலயே ஒரு சிலுவ செஞ்சு குடுங்க. போட்டுக்கு என்னெல்லாம் செய்வீயளோ, அம்புட்டையும் அதுக்குஞ் செய்யணும். நா பாத்துட்டுத்தான் போவேன்."

நான் ஹால்தார் பாபுவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தானே போய்ப் பூட்டைத் திறந்து, துணிப்பையிலிருந்து ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

டாக்டர் போட்டுக்கு வந்த தகட்டில் மிச்சமிருந்த துண்டில் இரண்டு பட்டை வெட்டினேன். குறுக்கே வைத்து வெல்ட் அடித்தேன். அரத்தால் வழித்தேன். லூர்து ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கினேன். ஒரு அடி விழுந்ததும் எழுந்துவிட்டாள்.

"யம்மா! சிலுவையப் போயி அடிக்கீயளே!"

"அடிச்சாத்தான் தாங்கும் தாயி" என்றேன். வேறென்ன சொல்ல?

லூர்து திரும்ப உட்கார்ந்து முந்தானையால் பிள்ளையின் காதுகளைப் பொத்தினாள். "அடிங்க. அவரும் அடிபட்டுத்தானே நம்மளத் தாங்குதாரு" என்றாள்.

என் வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாக நான் சுத்தியல் அடித்ததில்லை. ஹால்தார் பாபுவுக்கு அவள் சொன்னதை இந்தியில் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அந்தப் புகழ்பெற்ற கைக்குட்டையால் முதல்முறையாகத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆசிட், மஞ்சள், வெள்ளை எல்லாம் பூசி, சாமியாரிடம் மந்திரித்து, பழைய ஒட்டை நான்காம் முறை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தபோது, அந்தச் சிலுவையையும் பக்கத்துச் சட்டத்தோடு சேர்த்து வெல்ட் அடித்து ஓரமெல்லாம் கொத்திவிட்டேன். இனி யாரும் எடுக்கவும் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். அடுத்த முறை அதிகாரி வந்தபோது, கழுவாமலேயே பலகையைத் தூக்கிக் காட்டினோம். சிலுவையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். டார்ச் அடித்துப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார். ஹால்தார் பாபு கைக்குட்டையை நீட்டினார். அதிகாரியே அதை வாங்கி அந்த இடத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். போட்டின் அடியில் தேங்கும் அழுக்குதான் வந்தது, பச்சை வரவில்லை, வெள்ளைப் பொடி வரவில்லை. "சலாவ்" என்றார். ஓட்டுங்கள்.

அன்றைக்கு ஒர்க்ஷாப்பில் ஹால்தார் பாபு டீயை சாஸரில் ஊற்றி என் பக்கம் தள்ளவில்லை. சூசையின் பக்கம் தள்ளினார். சூசை குடிக்கத் தெரியாமல் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டான். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

ஹால்தார் பாபு இப்போது இல்லை. சூசையும் போய்விட்டான். டாக்டர் போட்டையும் ரொம்ப வருஷம் கழித்துக் கண்டம் செய்தார்கள். எஞ்சின் போனதால்தான், அடித்தகட்டினால் இல்லை. அந்த இடத்தில் கடைசிவரை ஓட்டை விழவில்லை.

போட்டில் பிறந்தவள் இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ். கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் கொண்டுவந்தால் சொல்லாமலே என் வலது பக்கம் வந்து உட்காருவாள். செம்புச் சிலுவை இன்னும் கழுத்தில் கிடக்கிறது. வேர்வையில் களிம்பு இறங்கி, அது தொடுகிற இடம் எப்போதும் லேசாகப் பச்சையாக இருக்கும். தங்கச் சங்கிலி போட்டு அதை மறைக்கக்கூட அவள் நினைத்ததில்லை. போன முறை அந்த மூன்று வெல்டர்களும் இருக்கும்போதே வந்தாள். அவர்களில் ஒருவர் அதைக் காட்டி, "சிஸ்டர், கழுத்துல ஏதோ பச்சையா ஒட்டியிருக்கு" என்றார்.

அவள் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அது போவாது அண்ணே. போட்டுக்கு மாமா பிரைமர் அடிச்சாங்க. எனக்கு எங்கம்மா அடிச்சது இது" என்றாள்.